கூடுதலாக ஒரு பறவை

இரண்டு காலண்டர்களையும் மேசையில் விரித்து வைத்துவிட்டு நிமிர்ந்த முதலாளியின் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பொறாமை. எனக்கு அது பழகிய முகம். என் மனைவி துப்பறிகிறவள்; நான் அவளுக்கு உதவியாளன். அந்த முகத்துக்கு நான் தினமும் காலையில் சவரம் செய்கிறேன்.

ஒரே மலை, ஒரே ஏரி, கரையில் ஒரே சாய்ந்த மரம். இடது பக்கம் இருந்தது இந்தக் கம்பெனி அடுத்த வருடத்துக்குத் தயார் செய்திருந்த காலண்டர் அட்டை. அன்று மாலைதான் அது அச்சுக்குப் போக வேண்டும். வலது பக்கம் இருந்தது எதிர்க் கம்பெனியின் காலண்டர். அது ஏற்கெனவே கடைகளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. எதிர்க் கம்பெனியின் முதலாளி அயலார் இல்லை, இவருடைய சகலை. அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். ஒருவர் கார் வாங்கினால் அடுத்த மாதமே மற்றவர் வாசலில் அதைவிட ஒரு சாண் நீளமான கார் நிற்குமாம்.

முதலாளியின் கணக்கு எளிமையானது. படத்தை எடுத்தவர் அவருடைய போட்டோகிராபர். படம் போனது அதைத் திருத்துகிற ஒரே ஒரு பெண்ணின் கைக்கு. அதனால் வெளியே விட்டவள் அவள்தான். அச்சு தொடங்குவதற்கு முன்னால் அவளை அனுப்பிவிட்டு, ஊரில் உள்ள மற்ற காலண்டர் கம்பெனிகளுக்கு எல்லாம் போன் செய்து சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். அந்தத் தொழிலில் அப்படி ஒரு போன் போதும். அதற்குப் பிறகு யாரும் அவளை நம்பி ஒரு மேகத்தைக்கூடத் தொடக் கொடுக்கமாட்டார்கள்.

அவள்தான் எங்கள் கட்சிக்காரி. ஆபீசில் அவளுக்கு வானக்காரி என்று பேர். இயற்கைக் காட்சிப் படங்களில் வானத்தைச் சுத்தம் செய்வது அவள் வேலை. விமானம் விட்டுப்போன புகைக்கோடு, சீப்புப் பல் மாதிரி வரிசை கட்டி நிற்கும் துண்டு மேகம், இப்படிக் கண்ணைப் பிடித்து இழுக்கிற எதுவும் வானத்தில் இருக்கக்கூடாது. மலையைப் பார்க்க வந்த கண் வானத்தில் தடுக்கி விழக்கூடாது என்று காலையில் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவளே விளக்கினாள். இந்தப் படம் எடுத்த அன்று வானம் கட்டம் போட்ட கைக்குட்டை மாதிரி இருந்ததாம். குறுக்கும் நெடுக்கும் புகைக்கோடுகள். அவள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள்.

எதிர்க் கம்பெனியின் படத்திலும் கோடுகள் இல்லை. அங்கேயும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். வலது பக்க வானத்தில், மலைக்குச் சற்று மேலே, சின்னதாக ஒரு பறவை.

முதலாளி விரலை அதன்மேல் வைத்தார்.

"அவன் படத்துல பறவை இருக்கு. நம்ம படத்துல ஏன் இல்ல?"

"அதையேதான் நானும் கேக்கணும்னு இருந்தேன் சார்," என்றாள் என் மனைவி.

அவருக்கு அது ஆறுதலாகப் பட்டது. எனக்குப் பறவையைத் தேடிப் பிடித்து இவருக்கும் ஒன்று கொடுக்க வேண்டியிருக்குமோ என்று பட்டது.

வெளியே நடைபாதையில் வானக்காரியின் கணவர் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவளோடு துணைக்கு வந்தவர். அவரும் இதே தொழில்தான். வீட்டில் இருந்தபடி கல்யாண ஆல்பங்களில் முகப்பருவை அழித்துக் கொடுக்கிறார். இந்தக் கம்பெனியில் வானத்துக்கு ஆள் தேடியபோது கணவனும் மனைவியுமாக ஒரே நாளில் விண்ணப்பம் போட்டார்களாம். வானம் அவளுக்குப் போயிற்று, பரு அவருக்கு மிஞ்சியது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு படத்தையும் பார்த்தீர்களா, எந்த வானம் பிடித்திருக்கிறது என்று விசாரித்தார். வலது பக்கம்தான், பறவை அழகு என்றேன். மிச்ச டீயையும் ஊற்றிவிட்டார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி கீழ்த்தளத்துக்குக் கிளம்பிவிட்டாள். பறவை எங்கே இருந்து வந்தது என்று தெரிந்தால் படம் எந்த வழியாகப் போனது என்று தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. வேறு எதையும் அவள் அன்று தேடவில்லை.

போட்டோகிராபர் கீழே ஒரு இருட்டு அறையில் இருந்தார். எங்கள் இருவருக்கும் சேர்த்துப் போதுமான தலைமுடி அவர் ஒருவர் தலையிலேயே இருந்தது. அசல் படத்தைக் காட்டுங்கள் என்று என் மனைவி கேட்டாள். காட்டினார். அவள் அவர் தோளுக்கு அருகில் குனிந்து திரையைப் பார்த்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டேன். வேலை என்று வந்துவிட்டால் எனக்கு எப்போதுமே அக்கறை அதிகம்.

அசல் வானத்தில் கோடுகள் இருந்தன, வரிசை மேகங்கள் இருந்தன. பறவை இல்லை.

பறவை எதுவும் தான் எடுக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதைச் சொல்லி முடித்ததும் நாங்கள் கேட்காததையும் சொன்னார். அவருக்கு வானக்காரியைப் பிடிக்காது.

"மூச்சு வாங்க மலை ஏறினது நான். அந்தக் கோடுகதான் மேடம் படமே. அதுக்காகத்தான் அங்க காத்துக்கிட்டு நின்னேன். இவ அதை அப்படியே வழிச்சுப் போட்டுட்டா. காலண்டரைப் பாக்கறவன் எல்லாம் வானம் எவ்வளவு அமைதியா இருக்குங்கறான். அமைதியாம்."

வெளியே வந்ததும் ஆள் கிடைத்துவிட்டான் என்றேன். அசல் படம் இவனிடம் இருக்கிறது, வயிற்றெரிச்சல் இருக்கிறது, தலைமுடியும் அளவுக்கு மீறி இருக்கிறது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

"தன் குழந்தை முடியை ஒருத்தி வெட்டிட்டான்னு அழறவர், தானே இன்னொரு தடவை மொட்டை அடிச்சு ஊருக்குக் காட்டுவாரா?" என்றாள். "இவர் குடுத்திருந்தா கோடோட குடுத்திருப்பார். விடுங்க. பாவம், அழகான மனுஷர்."

அந்தக் கடைசி வார்த்தை வழக்குக்குத் தேவையே இல்லை.

எதிர்க் கம்பெனி தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெயர்ப்பலகை இந்தக் கம்பெனியின் பலகையைவிட ஒரு சாண் நீளம். சகலை எங்களை உட்கார வைத்தார். நாங்கள் யார் என்று கேட்டதைவிட, தன் அட்டையைப் பார்த்து முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டதுதான் அதிகம். பறவையைப் பற்றி வருத்தப்பட்டார் என்று சொன்னேன். மனிதருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் எல்லாவற்றையும் தானாகவே சொன்னார்.

படம் மெயிலில் வந்ததாம். அனுப்பியவர் பேர் இல்லை. வானம் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது; தன் ஆட்கள் யாரும் கை வைக்கவில்லை என்றார். யார் எடுத்த படம் என்று கேட்டீர்களா என்றாள் என் மனைவி. அதற்கு அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். சும்மா கிடைக்கிறது என்றால் சகலை வீட்டு வானத்தில் இருந்து சூரியனையே கழற்றி மாட்டிக்கொள்வார் போலிருந்தது.

"பைசா வேணாம்னுட்டாங்கம்மா. ஒரே ஒரு கண்டிஷன்தான். வானத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது, வந்தபடியே அச்சாகணும்னு."

தெருவைக் கடக்கும்போது என் மனைவி நடுவிலேயே நின்றுவிட்டாள். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்.

"பணம் வாங்காத திருடன். பேர் சொல்லிக்காத திருடன். ஆனா தன் வேலையில இன்னொருத்தர் கை பட்டா தாங்க மாட்டான். யாருங்க அது?"

"கவிஞனா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அடுத்து தோன்றியது சிரிக்கிற விஷயமாக இல்லை. தன் வானத்தை அடுத்தவர் தொடுவதைத் தாங்கமாட்டாத ஆள் ஒருத்தியைக் காலையில் இருந்தே எங்களுக்குத் தெரியும். அவள்தான் எங்கள் கட்சிக்காரி.

வானக்காரியின் அறை மேல்மாடியின் கோடியில் இருந்தது. ஒரு ஜன்னல், அதற்குக் கறுப்புத் துணி, ஒரு மேசை, அதன்மேல் படுக்கை வசத்தில் சாய்த்து வைத்த அகலமான திரை. கணவர் பையோடு கதவோரத்து ஸ்டூலுக்கு இடம் மாறியிருந்தார். அவள் தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு வானத்தை எப்படிச் சுத்தம் செய்வாய் என்று எங்களுக்குச் செய்து காட்டச் சொன்னாள் என் மனைவி. வானக்காரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அசல் படத்தைத் திறந்தாள். திறந்ததும் முதல் காரியமாக அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

ஏன் என்று கேட்டோம். நேராக வைத்தால் கண் மலைக்கே ஓடும், தலைகீழாக வைத்தால் மலை மறந்துபோகும், வானத்தில் இருக்கும் கறை மட்டும் தெரியும் என்றாள். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். கல்யாணமான புதிதில் வீட்டில் ஒரே ஒரு மேசைதான். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். அவர் செய்கிற படம் எதிரில் இருந்த அவளுக்குத் தலைகீழாகத்தான் தெரியும். அப்படிப் பார்த்தே அவருடைய தப்புகளை எல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிவிட்டது.

"இவர் நேராப் பாத்துக் கண்டுபிடிக்காததை நான் தலைகீழாப் பாத்துச் சொல்லிடுவேன்," என்றாள். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். கணவரும் சிரித்தார்.

என் மனைவி சிரிப்பில் சேரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் தலைகீழானதும் ஏரி மேலே வந்துவிட்டது. ஏரி நிறைய வானத்தின் நிழல். அசல் வானம் கீழே, தண்ணீர் மாதிரிக் கிடந்தது. புதிதாகப் பார்க்கிறவனுக்கு எது வானம், எது ஏரி என்று ஒரு கணம் குழம்பும். எனக்கு இரண்டு கணம் குழம்பியது.

என் மனைவி எதிர்க் கம்பெனியின் அட்டையைக் கேட்டு வாங்கி, அதையும் தலைகீழாகத் திருப்பித் திரையை ஒட்டிப் பிடித்தாள்.

"ஏங்க, அந்தப் பறவை தெரியுதா?"

தெரிந்தது.

"இப்ப ஏரியில, கரை ஓரமாப் பாருங்க."

பார்த்தேன். அசல் படத்தின் ஏரியில், தண்ணீரின் மேல், ஒரு காய்ந்த இலை மிதந்துகொண்டிருந்தது. நடுவில் மடிந்த இலை. இரண்டு ஓரமும் இறக்கை மாதிரித் தூக்கிக்கொண்டிருந்தன. அதைச் சுற்றி மெல்லியதாக ஒரு அலைவளையம். அட்டையின் வானத்திலும் அந்தப் பறவையைச் சுற்றி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், அதே வளையம் இருந்தது. காற்றில் எந்தப் பறவையும் வளையம் போடாது.

என் மனைவி சொன்னது இவ்வளவுதான். ஒரு கோட்டை அழிக்க வேண்டுமானால் பக்கத்தில் இருந்து கொஞ்சம் வானத்தை எடுத்து அதன்மேல் ஒட்ட வேண்டும். இந்த ஆள் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, மேலே இருப்பது வானம் என்ற பழக்கத்தில், ஏரியில் இருந்து ஒரு துண்டை எடுத்து வானத்தில் ஒட்டிவிட்டான். இலையும் கூடவே வந்துவிட்டது.

வந்த இலையை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். அதற்கு வானக்காரிதான் பதில் சொன்னாள்.

"பறவைன்னு நினைச்சிருப்பாங்க. கோடு, கட்டம், வரிசை இதையெல்லாம்தான் நான் எடுப்பேன். உயிருள்ளது எதுவும் இருந்தா தொட மாட்டேன். அது என்னோட..."

தலைகீழாக வேலை செய்வது அவள் வழக்கம். பறவையை விட்டுவைப்பது அவள் வழக்கம். தன் வானத்தை யாரும் தொடக்கூடாது என்பதும் அவள் வழக்கம். எங்கள் கட்சிக்காரிக்கு நாங்களே கயிறு திரித்து, முடிச்சும் போட்டு, முதலாளி கையில் கொடுக்கப் போகிறோம் என்று எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து அறையில் முதலாளி யாருக்கோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

என் மனைவி வானக்காரி சுத்தம் செய்த அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். அதில் ஏரித்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வானத்துக்குப் போகவில்லை. பழகிய கை அந்தத் தப்பைச் செய்யாது என்றாள். இது பழகிய கை இல்லை. அந்தக் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, அதைப் போலவே ஒரு தடவை செய்து பார்க்க ஆசைப்பட்ட வேறு ஒரு கை. படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாயா என்று கேட்டாள். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை கொண்டுபோனேன், ஆனால் வெளி ஆள் யாரும் பார்க்கவில்லை என்றாள் வானக்காரி.

வெளி ஆள் என்ற சொல் எனக்குள் எங்கேயோ இடித்தது.

"சார்," என்றேன். "காலையில நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க."

கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துல எல்லாரும் யார் செஞ்சதுன்னு கேக்கறாங்க. உங்க சம்சாரத்துக்கு வேலை போகப்போகுது. நீங்க மட்டும் எந்த வானம் நல்லா இருக்குன்னு கேட்டீங்க."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். நான் ஒரு எட்டு முந்திவிட்டேன். அந்த ஒரு கணம் அவள் முகத்தில், நான் காலைதோறும் சவரம் செய்கிற அதே முகத்தைப் பார்த்தேன். அவள் இன்று உயிரோடு இருந்திருந்தால் இந்த இடத்தை என்னை எழுதவிட்டிருக்க மாட்டாள். இருந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். தினமும் சாப்பிடும்போது சொல்லிக் காட்டியே காலத்தை ஓட்டியிருப்பேன்.

கணவர் மறுக்கவில்லை. மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். வீட்டுக்கு வந்த அந்தப் படத்தை அவள் தூங்கிய பிறகு எடுத்துக்கொண்டதாகவும், எதிரில் அவள் உட்கார்ந்து தப்பு சொல்லாமல் ஒரே ஒரு வானம் செய்ய வேண்டும் என்று தோன்றியதாகவும் சொன்னார். செய்து முடித்தபின் அதைத் தான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ரெண்டும் கடையில பக்கத்துல பக்கத்துல தொங்கணும். யாராவது ஒருத்தர் நின்னு பாக்கணும். அவ்வளவுதான் நினைச்சேன். உன் தலையில விழும்னு நினைக்கல. நிஜமா அதை நினைக்கவே இல்ல."

வானக்காரி அவரைப் பார்க்கவில்லை. எதிர்க் கம்பெனியின் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மூலையில் இருந்து மூலைக்கு மெதுவாகப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் கதவோரமாக நகர்ந்துகொண்டேன்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "முதலாளிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் எழுந்தார். பையை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு, அட்டையை அவளிடம் இருந்து வாங்கிக்கொண்டு, பக்கத்து அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. முதலாளியின் குரல் உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது. நடுவில் சகலையின் பிறப்பு வளர்ப்பு பற்றி எல்லாம் வந்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. வானக்காரி அட்டைப்பெட்டியில் இருந்து சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மேசைக்கு எடுத்தாள். ஒரு பேனா உருண்டு கீழே விழுந்தது. என் மனைவி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

முதலாளி வெளியே வந்தபோது அட்டை அவர் கையில் இருந்தது. கணவர் அவருக்குப் பின்னால் தலை குனிந்து வந்தார். முதலாளி வானக்காரியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முனகினார். அவள் மேல் தப்பில்லை, வேலை அவளுடையதுதான், யாருக்கும் போன் செய்யப் போவதில்லை என்றார். அட்டைக்கு வேறு படம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் முதலாளியின் கண் மறுபடி அந்தப் பறவையின்மேல் போயிற்று.

"செஞ்சது தப்புத்தான். மன்னிக்கவே முடியாத தப்பு. ஆனா இந்தக் கை அடுத்த வருஷமும் எதிர்த்தெருவுக்கே போயிடுச்சுன்னா?" அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் அட்டையிடம் பேசினார். "ஏம்மா, இங்க இன்னொரு மேசை போட்டுடலாமா? உள்பக்கப் படமெல்லாம் நீ பாத்துக்க. அட்டைப் படத்தை இவர் பாக்கட்டும்."

கணவர் தலையைத் தூக்கினார். அந்த முகம் அப்படி மலர்ந்ததை யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வானக்காரியும் பார்த்தாள்.

வேலை போகிறது என்றபோது அடக்கமாக நின்றவள் அவள். கட்டின கணவனே படத்தைத் திருடினான் என்று தெரிந்தபோதும் குரலை உயர்த்தாதவள். இப்போது அந்த அமைதி எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முதலாளியின் கையில் இருந்து அட்டையை வாங்கி மேசையில் விரித்து, ஒரு பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"ஒரு நிமிஷம் சார். இங்க ஒரு கோட்டோட வால் அப்படியே நிக்குது. இந்த மேகத்துக்கு வயிறு மேல இருக்கு. இங்க பாருங்க, ஒரே துண்டை ரெண்டு இடத்துல ஒட்டியிருக்கார்."

"இப்பத்தானே நல்லா இருக்குன்னு சொன்னே?" என்றார் கணவர்.

"அது வேற."

முதலாளி குனிந்து பார்த்தார். கணவர் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, அது வால் இல்லை, மேகத்தின் ஓரம் என்று வாதாட ஆரம்பித்தார். அவள் இன்னொரு வட்டம் போட்டாள்.

என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க, கிளம்பலாம். இதுக்கு மேல கண்டுபிடிக்கறதை அவங்களே பாத்துப்பாங்க."